தண்டுவட மரப்பு நோயும் நீண்டகால ஆண்டிபயாட்டிக் சிகிச்சையும்

ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை சில நாட்களுக்குள் மங்குகிறது. சில வாரங்களில் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. பல மாதங்கள் கழித்துக் கால்கள் மரத்து நடை தளர்கிறது. அதுவும் ஓரளவு நீங்குகிறது. இவ்வாறு வருவதும் தணிவதுமாகப் பலரிடம் தொடங்குவது தண்டுவட மரப்பு நோய். மருத்துவர்கள் இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ 1868-இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்பிழைகளின்மேல் மையலின் என்னும் கொழுப்புறை உள்ளது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பதால் நரம்புச் செய்திகள் தடைப்படுகின்றன. நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது.

நோய் தானே தணிவதால் ஒரு சிக்கல் எழுகிறது. தணியும் வேளையில் எம்மருந்தை உட்கொண்டிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆண்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றிய செய்திகளை மதிப்பிடுகையில் இதனை மறத்தல் கூடாது.

கிருமியைப் பற்றிய ஐயம்

1999-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகள் பலரின் மூளைத் தண்டுவட நீரில் கிளமிடியா நிமோனியே என்னும் பாக்டீரியாவின் அடையாளங்களைக் கண்டதாக அறிவித்தனர். சுவாச நோய்களை உண்டாக்கும் கிருமி இது. இதுவே காரணமாயின், இதனைக் கொல்லும் மருந்து நோயையும் நீக்க வேண்டும். எனவே ரிஃபாம்பிசினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஆறு மாதம் ஒரு சிறு குழுவினருக்குக் கொடுக்கப்பட்டன. 2005-இல் வெளியான முடிவின்படி, மூளையில் அழற்சிப் புள்ளிகள் குறையவில்லை. மூளை சுருங்குதல் மட்டும் குறைவாகக் காணப்பட்டது. சோதிக்கப்பட்டோர் மிகச் சிலரே ஆதலின் உறுதி கூற இயலாது. கிருமியைப் பற்றிய முதற்செய்தியையும் வேறு ஆய்வுக்கூடங்கள் பல மெய்ப்பிக்க முடியவில்லை.

2022-இல் வேறொரு திசை தெளிவாயிற்று. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின்னர் இந்நோய் வரும் அபாயம் 32 மடங்கு உயர்வது தெரிந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸைக் கொல்லமாட்டா.

டெட்ராசைக்ளின் இனம்

இவ்வினத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. அங்கு ஆராய்ச்சித் தலைவராக விளங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பின்னர் வந்த டாக்சிசைக்ளினும் மினோசைக்ளினும் கிருமியை அடக்குவதோடு அழற்சியையும் தணிக்கின்றன. ஆகவே இவற்றால் பயன் விளைந்தாலும் நோய்க்குக் கிருமியே காரணம் என்று கொள்ளலாகாது.

டாக்சிசைக்ளின், இன்டர்ஃபெரான் ஊசி பெற்றுவந்த 15 பேருக்கு நான்கு மாதம் கொடுக்கப்பட்டது. 2008-இல் வெளியான முடிவில் அழற்சிப் புள்ளிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழு இல்லை.

மினோசைக்ளினே கூடுதலான சோதனைக்கு உட்பட்டது. இன்டர்ஃபெரானுடன் சேர்த்து 305 பேரிடம் நடத்திய ஆய்வு, கூடுதல் பயன் இல்லையென 2016-இல் காட்டிற்று. கனடாவின் 12 மருத்துவ நிலையங்களில், முதல் தாக்குதல் மட்டும் கண்ட 142 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. போலி மாத்திரை பெற்றவர்களில் 61 சதவிகிதத்தினருக்கு ஆறு மாதத்தில் நோய் உறுதிப்பட்டது. நாளொன்றுக்கு இருமுறை 100 மில்லிகிராம் மினோசைக்ளின் பெற்றவர்களில் இது 33.4 சதவிகிதமே. எனினும் 24 மாத முடிவில் வேறுபாடு உறுதிப்படவில்லை. மருந்து பெற்றவரிடம் தோல் தடிப்பு, தலைச்சுற்றல், பல் நிறமாற்றம் ஆகியவை மிகுந்தன.

நீண்டகால உபயோகத்தின் கேடுகள்

டெட்ராசைக்ளின் இனம் வளரும் பற்களில் கறை படியச் செய்வதால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொதுவாக விலக்கப்படுகிறது. ரிஃபாம்பிசின் கல்லீரலைப் பாதிக்கலாம். கருத்தடை மாத்திரையின் ஆற்றலையும் குறைக்கும். அதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. காசநோய்ச் சிகிச்சையின் தூணாகிய ரிஃபாம்பிசினை, உடலில் மறைந்துள்ள காசநோயை அறியாமல் முறைதவறி வழங்கினால், அம்மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகள் பெருகும். இக்கேடு ஒரு நோயாளியோடு நில்லாது, ஊரையும் சாரும்.

களப்பணியாளர் கடமை

இதுவரை கிடைத்த சான்றுகளில் எந்த ஆண்டிபயாட்டிக்கும் இந்நோய்க்கு நிலையான சிகிச்சையாகத் தேறவில்லை. 1993-இல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான்-பீட்டா அனுமதி பெற்றது முதல், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. நோய் தணிந்த நாட்களில் அவற்றைக் கைவிட்டு ஆண்டிபயாட்டிக்கை நாடுபவர், மீட்க இயலாத நரம்பிழைகளை இழக்க நேரிடும். ஒரு கண் பார்வை திடீரென மங்குதல், காரணமின்றிக் கைகால் மரத்தல், நடை தடுமாறுதல் ஆகியவற்றைக் கண்டால், அவை தாமே தணிந்துவிட்டபோதிலும், அந்நபரை நரம்பியல் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஒப்பிடும் குழு இன்றி மருந்தின் பயனை அறிய இயலாது என்பதை மாணவர்க்கு உணர்த்த ஆசிரியர்களுக்கும் இது தக்க சான்றாகும்.