டைரியில் வந்த ரவுடி

என் சின்னவன் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட டைரியைத் தயங்கித் தயங்கி நீட்டினான். "வகுப்பில் ரொம்ப ரவுடியாக இருக்கிறான்" என்று டீச்சர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. நமக்கு ரவுடி என்றால் யார்? போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் பேர் இருக்கிறவன்! எட்டு வயசுப் பிள்ளைக்கா இந்தப் பட்டம்? என்னடா செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. கரண்டிக் காம்பால் காலில் இரண்டு வைத்துவிட்டேன். "சத்தம்தாம்மா போட்டேன்" என்று விசும்பிக்கொண்டே தூங்கிப் போனான்.

மறுநாள் காலை, எதிர்வீட்டில் இருக்கும் ரிடையரான இங்கிலீஷ் வாத்தியாரிடம் டைரியைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காட்டோரம் வாழ்ந்த முரட்டு ஆட்களைச் சொன்ன கொச்சை வார்த்தையம்மா இது. இப்போது நடத்தையைப் பற்றிச் சொன்னால் கூச்சல், ஆட்டம், அவ்வளவுதான். கல்யாண வீட்டுக் கும்பலைக்கூடச் சொல்லலாம். நாம்தான் அடியாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்" என்றார்.

இன்னும் சிலதும் சொன்னார். 'ரம்பஸ்' என்றால் அமளி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகள் கத்திக் குதிப்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை விட்டு, 'ரம்பஸ் ரூம்' என்று பேரும் வைப்பார்களாம். (நம் வீட்டில் நமக்கே உட்கார இடமில்லை!) பிள்ளைகள் தள்ளிப் புரண்டு விளையாடுவது 'ஹார்ஸ்ப்ளே'. ஆனால் 'ஹூலிகன்' அப்படியல்ல. 1898-ல் லண்டன் பத்திரிகைகளில் தெருச் சண்டைக்காரர்களுக்கு வந்த பேர். 1985-ல் பிரஸ்ஸல்ஸ் கால்பந்து மைதானத்தில் ரசிகர்களின் வெறியாட்டத்தில் 39 பேர் செத்தார்களே, அப்போது பத்திரிகையெல்லாம் எழுதிய வார்த்தை அதுதான்.

மத்தியானமே பள்ளிக்கூடம் போனேன். வேறொன்றுமில்லை, கணக்குப் பாடத்தின்போது பெஞ்சில் தவில் வாசித்தானாம்! டைரியில் இப்படி ஏதாவது வந்தால், கையை ஓங்குமுன் "என்ன செய்தான்?" என்று டீச்சரிடமே கேட்டுவிடுங்கள், சகோதரிகளே. நான் கேட்காமல் போனேன்.

ராத்திரி அவன் காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "ரவுடின்னா சும்மா சத்தம் போடறதுதானாம்டா" என்றேன்.

"அப்போ எதுக்கும்மா அடிச்சே?" என்றான்.

இன்னொரு காலை நீட்டச் சொன்னேன்.