அஞ்சத் தெரிந்த விமானி

அரியலூருக்கு அணித்தேயுள்ள கல்லங்குறிச்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் கலியுக வரதராஜப் பெருமாள் சந்நிதியை நாடியே செல்கின்றனர். கம்ப வடிவில் நிற்கும் அப்பெருமாளிடம் தமது பயங்களையெல்லாம் ஒப்புவித்து, நேர்ந்துகொண்டு திரும்புவது குடியானவர்களின் நெடுநாள் வழக்கம். அவ்வூரையொட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கின்றன. பாறைக்கு வெடி வைக்குமுன் சங்கு ஊதுவதும், ஆட்களை அப்புறப்படுத்துவதும், தானும் மறைவிடம் சேர்வதும் அத்தொழிலின் பாலபாடம். இங்ஙனம் செய்பவனைக் கோழை என்று எவரேனும் கூறுவரா? ஆயினும் நமது மேடைகளில் ஒரு வீரனைப் புகழ நேர்ந்தால், "பயமென்பதையே அறியாதவர்" என்றுதான் தொடங்குகிறோம். நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. அஃது எத்துணைப் பிழையான புகழ்ச்சி என்பது சோதனை விமானிகளின் தொழிலை நோக்கினால் விளங்கும்.

2020-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி. சூலூரைத் தளமாகக் கொண்டிருந்த தேஜஸ் படைப்பிரிவைச் சேர்ந்த விங் கமாண்டர் வருண் சிங், தமது தளத்துக்கு வெளியே, பெரிதும் பழுதுபார்க்கப்பட்ட தேஜஸ் விமானமொன்றைச் சோதிக்கும் பொருட்டுத் தனியே கிளம்பினார். மிக்க உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் கெட்டது. அவர் உடனே குறையை அறிந்து கீழே இறங்கலானார். இறங்குகையில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடே செயலிழந்தது. அதுவரை எவருக்கும் நேராத கோளாறு அது. விமானம் மூக்கை மேலும் கீழுமாக எறிந்துகொண்டு விழுந்தது. அரும்பாடுபட்டு அதை வசப்படுத்தினார். சுமார் 10,000 அடி உயரத்தில் மீண்டும் அதே கதி! விமானத்தைத் துறந்து குதிக்க அவருக்குப் பூரண உரிமை உண்டு. அவர் குதிக்கவில்லை, பத்திரமாகத் தரையிறக்கினார்.

இதில் தைரியம் எங்கே இருக்கிறது? குதிக்காத அக்கணத்தில் மாத்திரமென்று கொள்வது ஆழ்ந்த பார்வையாகாது. உயரத்தில் பிராணவாயு குறைந்தால் மனிதனுக்கு வலியோ மூச்சுத்திணறலோ முதலில் தோன்றுவதில்லை. பல சமயம் ஒருவகை உல்லாசமே தோன்றும். தான் நன்றாகவே இருப்பதாக எண்ணிக்கொண்டே அவன் அறிவு மயங்குகிறான். ஆகவே, பெங்களூரிலுள்ள விமானப்படை வைத்திய நிலையத்தில் விமானிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் உட்காரவைத்து, தத்தம் உடம்பு காட்டும் முதற்குறியை அடையாளம் காணப் பழக்குகின்றனர். எதற்கு அஞ்சவேண்டும் என்பதைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது!

தேஜஸின் அமைப்பையும் நேயர்கள் அறிதல் நலம். விரைந்து திரும்பும் பொருட்டு, அவ்விமானம் இயல்பில் நிலைகொள்ளாதபடியே ஆக்கப்பட்டிருக்கிறது. நான்கு வழிகளையுடைய கணினி ஏற்பாடொன்று கணந்தோறும் திருத்திக்கொண்டேயிருப்பதால்தான் அது நேரே பறக்கிறது. 2001 ஜனவரி 4-ந் தேதி ராஜீவ் கோத்தியால் அதை முதன்முதலாக வானில் செலுத்தியபோது 18 நிமிஷமே பறந்தார். வருஷக்கணக்கான உழைப்புக்குப் பின் 18 நிமிஷம்! சோதனை விமானி ஒரு நாளில் ஒரு படியே ஏறுவான். இன்ன உயரம், இன்ன வேகம், இன்ன குறி தென்பட்டால் திரும்புவது என்று முன்கூட்டியே சீட்டில் எழுதிக்கொண்டே கிளம்புவான். வக்கீல் தொழிலிலும் இதன் சாயல் உண்டு. குறுக்கு விசாரணைக்கு முந்திய இரவில் நடுங்கினவன், மறுநாள் கோர்ட்டில் நடுங்குவது அரிது. கட்டைப் பிரிக்காமல் வந்து கர்ஜிப்பவர்களையும் கண்டிருக்கிறோம். அவர்தம் கட்சிக்காரர்களையும் கண்டிருக்கிறோம்.

அன்று வருண் சிங் குதித்திருந்தால் அவரைக் குறைகூற எவருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் விமானம் முழுதாகத் திரும்பியதால், கோளாறு இன்னதென்று துல்லியமாக ஆராயவும், மீண்டும் நிகழாவண்ணம் பரிகாரம் தேடவும் இயன்றது. அடுத்து அவ்விமானத்தில் ஏறப்போகும் முகமறியாத இளைஞர்களுக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தது அதுவே. 2021 ஆகஸ்டில் அவருக்குச் சௌரிய சக்கர விருது அறிவிக்கப்பட்டது.

முன்னேற்பாடு உயிருக்கு ஜாமீன் ஆகாது. மாருத் விமானத்தை முதலில் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10-ந் தேதி அதே இன விமானத்தைச் சோதிக்கையிலேயே மாண்டார். வருண் சிங்கின் முடிவோ வேறுவிதம். 2021 டிசம்பர் 8-ந் தேதி, சூலூரிலிருந்து வெல்லிங்டனுக்கு ஜெனரல் பிபின் ராவத்துடன் சென்ற ஹெலிகாப்டர் குன்னூரருகே மேகத்துள் அகப்பட்டு மலையில் மோதிற்று. 14 பேரில் அன்று உயிருடன் எஞ்சியவர் அவர் ஒருவரே. 15-ந் தேதி பெங்களூரில் அவரும் காலமானார். அவ்வானூர்தியைச் செலுத்தியவர் அவரல்லர். உடன் சென்ற பிரயாணி.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன், செப்டம்பர் 18-ந் தேதி, தாம் படித்த பள்ளியின் தலைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தாம் நடுத்தர மாணவனாகவே இருந்ததாகவும், தன்னம்பிக்கை குன்றியே இருந்ததாகவும், படைப்பிரிவில் சேர்ந்த பின்னரே, மனம்வைத்து உழைத்தால் தம்மாலும் இயலும் என்று கண்டதாகவும் அதில் கூறியிருந்தார். பரீட்சையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.