மூன்று ‘ப்ரூஃப்’ போட்ட பேன்ட்

டிசம்பர் பிறந்தால் உத்தராகண்டின் சாங்க்ரி கிராமத்தில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும். கேதார்காந்தா ஏறப் போகிறவர்கள் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். உச்சி சுமார் 3,800 மீட்டர். சென்னையிலோ கோவையிலோ இருந்து முதல்முறையாகப் பனியில் நடக்கக் கிளம்புகிறவர் ஜாக்கெட்டுக்காக நாலைந்து கடை ஏறி இறங்குவார். காலுக்கு வீட்டில் கிடக்கும் ஜீன்ஸே போதும் என்பார். இல்லையென்றால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஆன்லைனில் ‘வாட்டர்ப்ரூஃப், விண்ட்ப்ரூஃப், ஸ்னோப்ரூஃப்’ என்று மூன்று ‘ப்ரூஃப்’ போட்டு விற்கும் ஏதோ ஒரு பேன்ட்டை வாங்குவார். ஆபத்து இரண்டிலும் உண்டு. இரண்டாவதில் மட்டும் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும்.

ஜீன்ஸின் பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மலைக்குளிரில் மணிக்கணக்கில் காயாது. அசையாத காற்றைவிட நீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். முகட்டில் காற்றும் சேர்ந்துகொள்ளும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள் மருத்துவர்கள். முதலில் நடுக்கம், பிறகு குழறும் பேச்சு, தடுமாறும் நடை. உடம்பு சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த உடையும் ஸ்லீப்பிங் பேக்கும் கொடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்புள்ள பானம் கொடுங்கள். சாராயம் வேண்டாம், கைகால்களைத் தேய்க்கவும் வேண்டாம். கூடவே இறங்கும் ஏற்பாட்டையும் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் சாஃப்ட் ஷெல் பேன்ட் உதவுகிறது. நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர், இழுபடுவதற்குக் கொஞ்சம் எலாஸ்டேன், மேற்பரப்பில் நீர் உருண்டோட ஒரு பூச்சு. வீசும் காற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும். வியர்வை ஆவியை வெளியே விடும். ஒட்டிய பனியைக் கையால் தட்டிவிடலாம். சற்று நனைந்தாலும் நடக்க நடக்க உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ஆனால் அடைமழைக்கு அது ஆகாது. தையல் துளைகள் வழியாக நீர் வரும். ஈரப் பாறையில் உட்கார்ந்தால் நம் எடையே நீரை உள்ளே அழுத்திவிடும். மழைக்கு வேண்டியது உள்ளே நீர் புகாத சவ்வு வைத்து, தையல்களின் மேல் டேப் ஒட்டிய ரெயின் பேன்ட். அதைப் பையில் மடித்து வைத்திருந்து, கொட்டும்போது மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வேலையையும் இந்த ஒன்றே செய்யும் என்று 1,200 ரூபாய்க்கு ஒருவர் சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் உதவும்.

கடையில் வாங்குகிறவர் வெட்கப்படாமல் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் துணியின் மேல் இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, உடனே பரவி இருண்டால் இல்லை. துணியில் வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் லேசாகவாவது காற்று வர வேண்டும். சுத்தமாக வராவிட்டால் உள்ளே சவ்வு இருக்கக்கூடும். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டும். அப்புறம் போட்டுக்கொண்டு முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்குங்கள், முழுவதுமாகக் குந்துங்கள். தொடை பிடித்தாலோ இடுப்பு பின்னால் இறங்கினாலோ வேண்டாம். உள்ளே தெர்மல் உள்ளாடை போட இடம் இருக்கிறதா என்பதை உங்கள் தெர்மலையே எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது நல்லது. ரக்சாக்கின் இடுப்புப் பட்டை உட்காரும் இடத்தில் தடித்த பக்கிளோ பொத்தானோ இருந்தால் இரண்டாம் நாளே தோல் உரியும். இந்த ஒன்றைப் பலரும் பார்ப்பதே இல்லை.

துணியின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று பேன்ட்டில் தொங்கும் சில விவரச் சீட்டுகளில் இருக்கும். 150 முதல் 200 வரை என்றால் மெல்லிய ரகம். 300-ஐ நெருங்கினால் உள்பக்கம் பஞ்சுபோல் மென்மையான கனத்த ரகம். கனத்தது பனிக்கு மட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுச்சரிவில் அதைப் போட்டு நடப்பது வீண் வேதனை. அங்கே மெல்லிய நைலான் பேன்ட்டும் அட்டைக்கடியைத் தடுக்கும் காலுறையும் போதும்.

இன்னொரு ஆபத்து தீ. நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும் துணிகள். தீமூட்டி உட்காரும் முகாமில் தள்ளியே உட்காருங்கள், ஸ்டவ்வைக் கால்களுக்கு நடுவே வைத்துச் சமைக்காதீர்கள்.

நீர் உருளும் பூச்சைப் பற்றியும் கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டவை பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் புதிய ஆடைகளில் இந்தக் குடும்பத்தையே பெரும்பாலும் தடுத்துவிட்டது. ‘பிஎஃப்ஏஎஸ் இல்லை’ என்று சீட்டில் இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் பூச்சு எண்ணெய்ப் பிசுக்கில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாமல் துவைத்து, அவ்வப்போது பூச்சைப் புதுப்பிக்க வேண்டும்.

இனி பில். பில் கேளுங்கள், தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று கல்லாவுக்கு மேல் பலகை தொங்குவதால் இந்த உரிமை போய்விடாது. ஆன்லைன் என்றால் 2020-இன் மின்வணிக விதிகள் இன்னும் தெளிவு: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே கடை வைத்ததுதான் விதி.

வீட்டுக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை. சீட்டை அறுக்காமல், பேன்ட் காலின் ஒரு பகுதியைக் குழியாகப் பிடித்து, தையல் ஒன்று அதில் வரும்படி அரை டம்ளர் நீர் ஊற்றி, கீழே ஒரு காகிதத்தை வையுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற துணி அரை மணி நேரத்தில் காகிதத்தை நனைத்தால், வீடியோவில் சீட்டும் சேர்ந்து தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தில் வாசகத்தைப் பிறகு மாற்றிவிடலாம் என்பதால் அதன் படமும் வேண்டும்.

முதலில் விற்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர். 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவர். அதற்கும் பலன் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் சமரசம்தான் செய்வார்கள், உத்தரவு போட முடியாது. ஆனாலும் இரண்டாயிரம் ரூபாய் பேன்ட்டுக்கு அதோடு நிறுத்துவதே விவேகம் என்பேன். பிடிவாதம் இருந்தால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையம் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும், எனவே துவைத்துவிடாதீர்கள். குறையுள்ள உடையால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரிடமும் இழப்பீடு கோரலாம்; அப்போது மருத்துவச் சீட்டுகளே முக்கியச் சான்று.

மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகையும் சேவைதான், குறை இருந்தால் கேட்கலாம். பணம் கட்டும் முன் கால்மடிப்பு, முட்டி, உள்தையல் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கிழிசல் இருந்தால் அப்போதே படம் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இறங்கி வந்த பிறகு முன்பணத்தைப் பிடித்தால், அந்தச் செய்தியின் தேதியும் நேரமும் உங்களுக்குச் சாட்சி.