நூலுக்குப் பிடித்த சதுரம்

சட்டைக் கழுத்தில் இருக்கும் நெய்த லேபிளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் சிவப்புச் சதுரம் தெரியும் இடத்தில், பின்பக்கம் வேறு நிற நூல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அச்சடித்த லேபிளில் இதைப் பார்க்க முடியாது.

நெய்த லேபிளில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், பெரும்பாலும் ஒரே நிறம்தான், வெள்ளை அல்லது கறுப்பு. படத்தின் நிறங்களைக் கொண்டுவருவது குறுக்கே ஓடும் ஊடை. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பு ஊடை மேலே வரும், மற்றவை பின்னால் ஒதுங்கும். எந்தப் பாவு நூல் எப்போது எழவேண்டும் என்று தீர்மானிப்பது ஜக்கார்டு எனும் பொறி. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த தறியில், அந்தக் கட்டளையைத் துளையிட்ட அட்டைகள் கொடுத்தன. துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. இன்று திருப்பூரில் லேபிள் நெய்யும் தறிகளிலும் கணினிக் கோப்பு செய்வது அதே வேலைதான்.

பாவும் ஊடையும் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஆகவே நேர்கோடும் சதுரமும் பிசிறில்லாமல் விழும், வட்டத்தின் ஓரமோ படிக்கட்டாக உடையும். நூல் மெலிய மெலியப் படிகளும் சிறுக்கும். 50 டெனியர் என்றால், 9,000 மீட்டர் நூலின் எடை வெறும் 50 கிராம். அவ்வளவு மெல்லிய நூலிலும் விரலகல லேபிளில் சின்ன வட்டம் முழு வட்டமாக வருவதில்லை.

சதுரமும் வட்டமும் நிறைந்த பௌஹவுஸ் கலைப்பள்ளிப் பாணி லேபிள்களுக்கு இன்று பலரும் மாதிரியாக எடுப்பது அந்தப் பள்ளியின் சுவரொட்டிகளை. நான் அதன் நெசவுப் பட்டறையைத்தான் காட்டுவேன். 1922இல் ஜெர்மனியின் வைமார் நகரில் அங்கே சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ் கண்ணாடிக் கலை பயிலவே விரும்பினார். பெண்களை நெசவுக்கே அனுப்பும் வழக்கம் அவரைத் தறியிடம் கொண்டு சேர்த்தது. அந்தத் தறியிலிருந்தே அவருடைய பட்டைகளும் கட்டங்களும் பிறந்தன, நூலோடு அவற்றுக்குச் சண்டையே இல்லை. பெர்னாவ் நகரின் தொழிற்சங்கப் பள்ளி அரங்கச் சுவருக்கு அவர் நெய்த துணியில் ஒரு பக்கம் செலோஃபேன் ஒளியைத் திருப்பியது, மறுபக்கம் செனில் நூல் ஓசையை உறிஞ்சியது. துணிக்கு இரண்டு முகம் உண்டு என்பதை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

லேபிள் வரைபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அகலத் தறியில் பல லேபிள்களைப் பக்கம் பக்கமாக நெய்து, சூடான கத்தியால் பிரிக்கிறார்கள். பாலியஸ்டர் உருகி ஓரம் கெட்டியாவதால் நூல் பிரியாது, ஆனால் கழுத்தில் உறுத்தும். முனைகளை உள்ளே மடித்துத் தைப்பதும் அந்த உறுத்தலைக் குறைக்கத்தான். ஆகவே மடிப்புக்குள் போகும் பகுதியில் கோடோ கட்டமோ வைக்கக் கூடாது.