அட்வான்ஸ் கொடுக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள்!

மகாபாரதத்தில் வரும் அஸ்தினாபுரம், அரசர்கள் ஆண்ட ஊர்.

நம் அஸ்தினாபுரம், குரோம்பேட்டைக்குப் பக்கத்தில், தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. இங்கே அரண்மனை கிடையாது. ஆனால் பஞ்சபாண்டவர்களைப் போல ஐந்து பேர் ஒரே அறையில் தங்கும் விடுதிகள் உண்டு!

வெளியூரில் இருந்து வேலைக்கு வரும் பெண்கள் இந்த விடுதிகளில் தங்குகிறார்கள். தனி வீடு எடுக்க அவர்கள் சம்பளம் போதாது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூன்று வேளைச் சாப்பாடு. இதுவே அவர்கள் குடித்தனம்.

உங்கள் வீட்டிலும் நாளை ஒரு பெண் இப்படிப் புறப்படலாம். அப்போது எதைப் பார்க்க வேண்டும்? எதைக் கேட்க வேண்டும்?

நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணியின் கம்மல்

என் அண்ணன் மகளுக்கு குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஊர் திண்டிவனம். அண்ணன் காலமாகி நாலு வருடம் ஆகிறது.

அண்ணி மகளை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் அஸ்தினாபுரத்தில் இருக்கிறேன். என் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் நாங்கள் ஐந்து பேர்.

"தம்பி, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துக் கொடுங்கள். நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தால் எனக்கு அது போதும்" என்றார் அண்ணி.

அவர் காதில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி இருந்தது. அட்வான்ஸ் கட்டுவதற்காகக் கம்மலை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்.

குரோம்பேட்டைக்கு இது புதிதல்ல. 1950-களில் ராமேசுவரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், விமானப் பொறியியல் படிக்க இங்குள்ள எம்.ஐ.டி.க்கு வந்தார். கல்லூரியில் சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்காள் தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

அந்த இளைஞர்தான் அப்துல் கலாம்! பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதி ஆனவர்.

வெளியூர் வரும் பிள்ளையின் பெட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நகை இருக்கிறது. ஆகவே அந்தப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் விடுதி

முதலில் போன இடத்தில் வாசலிலேயே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு கட்டில்தான் காலி. இப்போதே அட்வான்ஸ் கட்டினால் உண்டு" என்றார்.

"அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"பணம் கட்டியபின் பார்க்கலாம்!" என்றார்.

"ரசீது தருவீர்களா?"

"அதெல்லாம் வழக்கம் இல்லை."

அண்ணி கையில் பணத்தை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். அறையைக் காட்டாதவரிடமும், ரசீது கொடுக்காதவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. காலி செய்யும்போது எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். எழுத்தில் இல்லாத பேச்சு, காலி செய்யும் நாளில் மறந்துபோகும்!

இரண்டாவது விடுதி

இரண்டாவது இடத்தில் வாடகை குறைவு. ஓர் அறையில் ஆறு கட்டில். மாடியில் மொத்தம் பதினெட்டுப் பெண்கள். அவர்களுக்கு ஒரே குளியலறை!

நான் குழாயைத் திறந்தேன். புஸ் என்று காற்று வந்தது.

"மோட்டார் போட்டால் வரும்" என்றார்கள். எப்போது போடுவார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

தண்ணீர் சின்ன விஷயம் அல்ல. 2019-ம் ஆண்டு கோடையில் சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அப்போது சில விடுதிகள், "ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்" என்று பெண்களை அனுப்பிவிட்டன. வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மாடிப்படியைப் பார்த்தேன். ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலம். அதிலும் பாதிப் படியில் காலி சிலிண்டர்கள். வேறு வழி ஏதும் இல்லை.

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்தது. எல்லாரும் தூங்கும் நேரம். உயிர்கள் பலியாயின. அந்தச் செய்தி என் நினைவுக்கு வந்தது.

"அண்ணி, இங்கே வேண்டாம்" என்றேன்.

"வாடகை குறைவாக இருக்கிறதே, தம்பி?" என்றார்.

"உயிர் அதைவிடப் பெரிது, அண்ணி" என்றேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்கள் விடுதியை யார் வேண்டுமானாலும் பலகை மாட்டி நடத்திவிட முடியாது.

2014-ல் பொள்ளாச்சியில் ஒரு விடுதிக்குள் புகுந்த கயவனால் இரண்டு சிறுமிகள் கொடுமைக்கு ஆளானார்கள். தமிழகமே கொதித்தது. அதே ஆண்டில், பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டப்படி விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் தண்டனை உண்டு.

ஆகவே, "உரிமத்தைக் காட்டுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. ஒழுங்காக நடத்துகிறவர் சிரித்துக்கொண்டே காட்டுவார். கோபப்படுகிறவரிடம் பெண்ணை விடாதீர்கள்!

இன்னொரு செய்தி. விடுதிக் கட்டணத்தோடு, "ஜி.எஸ்.டி. வரி தனி" என்று சிலர் சொல்வார்கள். மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களுக்கு அந்த வரி கிடையாது. 2024 ஜூலை முதல் இந்த விலக்கு நடைமுறைக்கு வந்தது.

அரசாங்க விடுதி

தனியார் விடுதிகள் மட்டும்தானா? இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு, "தோழி" என்ற பெயரில் விடுதிகள் நடத்துகிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தோழி விடுதி 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. நானூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்டது. மாதக்கணக்கில் தங்கலாம். தேர்வு எழுதவோ, நேர்முகத் தேர்வுக்கோ வருகிறவர்கள் நாள்கணக்கிலும் தங்கலாம்.

மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகமும் அங்கேதான் இருக்கிறது. அது 1984-ல் அமைந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் இந்த விடுதியை முதலில் விசாரிப்பது நல்லது.

எங்கள் பெண்ணுக்கோ சித்தப்பா வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். எனவே அஸ்தினாபுரத்திலேயே தேடினோம்.

மூன்றாவது விடுதி

மூன்றாவது இடத்தில் வார்டன் அம்மாளே எங்களை உள்ளே அழைத்துப் போனார். உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஓர் அறைக்கு நாலு கட்டில். ஜன்னலுக்குக் கம்பி. ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போடக்கூடிய அலமாரி. எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. வாசலில் காவலாளி. பின்பக்கமும் இறங்க ஒரு படி.

குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது!

அங்கே இருந்த பெண் ஒருத்தியிடம் அண்ணி மெதுவாகக் கேட்டார். "சாப்பாடு எப்படியம்மா?"

"குழம்பு சுமார்தான், அம்மா. ஆனால் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வார்டன் விழித்திருந்து கதவு திறப்பார்" என்றாள் அவள்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அண்ணி பணத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீது வாங்கினோம்.

சண்டை வந்தது!

பத்தாவது நாள் என் செல்போன் அடித்தது.

"சித்தப்பா, என்னால் இங்கே இருக்க முடியாது!"

அழுகைக் குரல். என்ன ஆயிற்று? ஒருத்திக்கு இரவுப் பணி. அவள் பகலில் தூங்குகிறாள். இன்னொருத்தி நள்ளிரவு வரை விளக்கைப் போட்டுப் படிக்கிறாள். மூன்றாமவள் காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை!

"நீ அவர்களிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, சித்தப்பா. எனக்குக் கோபம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்."

"கோபத்தை விடு. நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முடிவை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்" என்றேன்.

அன்று இரவே பேசினார்கள். குளியலுக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பதினோரு மணிக்குப் பெரிய விளக்கை அணைக்க வேண்டும். படிக்கிறவள் சின்ன மேஜை விளக்கு வைத்துக்கொள்ளலாம். பகலில் தூங்குகிறவள் இருக்கும்போது செல்போனில் பேசுகிறவர்கள் வராந்தாவுக்குப் போக வேண்டும். கேட்காமல் ஒருவர் பொருளை மற்றவர் தொடக் கூடாது.

ஐந்து வரிதான். சண்டை அடங்கியது!

ஒரு வாத்தியாரின் யோசனை

பலர் சேர்ந்து தங்குவது நமக்குப் புதிதா? வழிப்போக்கன் படுக்கத் திண்ணை கட்டியவர்கள் நாம். சத்திரம் கட்டியவர்கள் நாம்.

மேல்நாட்டில் இது எப்படிப் பரவியது தெரியுமா? ஜெர்மனியில் ரிச்சர்டு சிர்மான் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி எல்லாரும் படுத்தார்கள். குறைந்த செலவில் தங்க ஊர்தோறும் இப்படி இடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912-ல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலையாக அமைந்தது. பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த வைக்கோல் படுக்கையில் தனி அறை ஏது? ஒருவருக்கொருவர் இடம் விட்டுப் படுத்தார்கள். கூட்டு அறையில் இன்றைக்கும் அதுதான் வழி.

பெற்றோருக்கு

பெண்ணை விடுதியில் சேர்ப்பவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்:

உரிமத்தைக் கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதுதான் குளியலறை வரிசையும் தண்ணீரும் தெரியும்.

ஜன்னல், தாழ்ப்பாள், மாடிப்படி மூன்றையும் பாருங்கள்.

அங்கே தங்கியிருக்கும் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள்.

வார்டனின் எண்ணையும், உடன் தங்கும் ஒரு பெண்ணின் எண்ணையும் வாங்கி வையுங்கள். ஆபத்து நேர்ந்தால் பெண்களுக்கான உதவி எண் 181, அவசர உதவி எண் 112. இவற்றை மகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "எதுவானாலும் சொல். உன்னைத் திட்டமாட்டோம்" என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்து பேசாமல் இருக்கும் பெண்ணை, எந்தப் பூட்டும் காப்பாற்றாது.

கம்மல் திரும்பியது

எட்டு மாதம் கழித்து அண்ணி வந்திருந்தார். காதில் கம்மல் இருந்தது. மகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீட்டுக் கொடுத்திருந்தாள்.

இருவருமாக விடுதிக்குப் போனோம். வாசலில் செஞ்சியில் இருந்து வந்த ஒரு தாயும் மகளும் பெட்டியோடு நின்றார்கள். தாயின் கை, முந்தானையில் முடிந்திருந்த பணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பெண் அவர்களை உள்ளே அழைத்துப் போனாள்.

"அம்மா, பணத்தை அப்புறம் எடுங்கள். முதலில் வந்து குழாயைத் திறந்து பாருங்கள்!" என்றாள்.