உளமாய நோய்களின் உயிரியற் குறிகாட்டியாகக் கண் அசைவுகள்

உடலில் நிகழும் ஓர் உயிரியற் செயற்பாட்டையோ நோய் நிலையையோ புறவயமாக அளந்து காட்டக்கூடிய இயல்பு உயிரியற் குறிகாட்டி எனப்படும். நீரிழிவு நோயில் குருதியிலுள்ள குளுக்கோசின் செறிவு இதற்குச் சிறந்த உதாரணமாகும். ஆனால் மனச்சிதைவு நோய் போன்ற உளமாய நோய்களை உறுதிப்படுத்தக்கூடிய குருதிப் பரிசோதனை எதுவும் இல்லை. இல்லாத குரல்கள் கேட்டல், ஆதாரமற்ற நம்பிக்கைகளில் உறுதியாக இருத்தல் முதலிய அறிகுறிகளை நோயாளருடனும் குடும்பத்தாருடனும் உரையாடி அறிந்தே வைத்தியர் நோயை நிர்ணயிக்கின்றார். எனவேதான் அளக்கக்கூடிய ஒரு குறிகாட்டியை ஆய்வாளர்கள் நீண்டகாலமாகத் தேடி வருகின்றனர். அவற்றுள் பழைமையான ஒன்று கண் அசைவாகும்.

1. கண் அசைவின் வகைகள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு புறத்தசைகள் அசைக்கின்றன. பொருளின் விம்பத்தை விழித்திரையின் மஞ்சட் பொட்டில் விழச்செய்வதே இவ்வசைவுகளின் பிரதான நோக்கமாகும். இங்கு இரு வகைகள் முக்கியமானவை.

(அ) தாவல் அசைவு: பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குச் சடுதியாகப் பாய்தல். இதன் வேகம் செக்கனுக்கு 500 பாகை வரை செல்லலாம். இந்த வரிகளை வாசிக்கும்போது உங்கள் கண்கள் செய்வது இதுவே.

(ஆ) ஒப்பமான பின்தொடர் அசைவு: மெதுவாக நகரும் பொருளைப் பார்வை விடாது தொடர்தல். நகரும் பொருளொன்று இல்லாதபோது இவ்வசைவைப் பெரும்பாலும் விரும்பியவாறு ஏற்படுத்த முடியாது. வெறும் சுவரில் கண்ணை மெதுவாக நகர்த்த முயன்றால் அது சிறு சிறு தாவல்களாகவே நகரும்.

பொருளின் வேகத்தை மதிப்பிட்டு, அடுத்த கணம் அது எங்கிருக்கும் என எதிர்வுகூறினால்தான் ஒப்பமாகப் பின்தொடரலாம். இதற்கு மூளையப் புறணியின் பல பகுதிகளும் மூளியும் மூளைத்தண்டும் இணைந்து தொழிற்பட வேண்டும். ஆகவே கண் அசைவில் தோன்றும் குறைபாடு, கண்ணின் குறைபாடாக அன்றி மூளையின் இணைப்பில் உள்ள குறைபாடாகவும் இருக்கலாம்.

2. ஆய்வின் வரலாறு

1908 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அலன் டீபென்டோர்ப், ரேமண்ட் டொட்ஜ் ஆகியோர் உளநோயாளரின் கண் அசைவுகளை ஒளிப்படமாகப் பதிவு செய்தனர். இன்று மனச்சிதைவு நோய் எனப்படும் நிலையிலுள்ளோர் அசையும் பொருளை ஒப்பமாகத் தொடர இடர்ப்படுவதை அவர்கள் அவதானித்தனர். எனினும் இம்முடிவு நீண்டகாலம் பெரிதும் கவனிக்கப்படவில்லை.

1973 இல் பிலிப் ஹோல்ஸ்மனும் குழுவினரும் ஆடும் ஊசலைப் பார்க்கச் செய்து இதனை மீண்டும் நிறுவினர். நோயாளரின் பார்வை பொருளுக்குப் பின்தங்கி, பின்னர் சிறு தாவல்களால் அதனை எட்டிப்பிடித்தது. 1974 இல் வெளியான அவர்களது தொடராய்வு, நோயற்ற நெருங்கிய உறவினர் பலரிலும் இக்குறைபாடு இருப்பதைக் காட்டியது. எனவே இது நோயின் விளைவு மட்டுமன்று, பரம்பரையாக வரும் பாதிப்புறுதன்மையின் அடையாளமாகவும் இருக்கலாம் எனக் கருதப்பட்டது.

3. எதிர்த்தாவல் சோதனை

திரையின் ஒரு பக்கத்தில் ஒளிப்புள்ளி தோன்றும்போது அதனைப் பாராது எதிர்ப்பக்கம் பார்க்குமாறு கூறப்படும். ஒளியை நோக்கிப் பாயும் இயல்பான தூண்டலை அடக்குவதில் மூளையத்தின் நுதற்சோணை முக்கிய பங்கு வகிக்கின்றது. மனச்சிதைவு நோயுள்ளோர் இங்கு கூடுதலாகத் தவறுகின்றனர். உளமாய அறிகுறிகளுடன் கூடிய இருமுனைய நோயிலும் இத்தவறுகள் அதிகரிப்பதால், இது ஒரு நோய்க்கு மாத்திரம் உரிய குறிகாட்டி அன்று.

4. நோய் நிர்ணயத்திற்கு இது போதுமா?

2012 இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரை உள்ளடக்கிய குழு, எளிய பார்வைச் சோதனைகள் பலவற்றை இணைத்து, நோயாளரையும் ஏனையோரையும் 98 வீதமளவு சரியாக வேறுபடுத்தியதாக அறிவித்தது. எனினும் அது ஏற்கெனவே நோய் நிர்ணயிக்கப்பட்டோரையும் நலமானோரையும் ஒப்பிட்ட ஆய்வாகும். பொதுமக்களிடையே நிலைமை வேறு. பின்வரும் கற்பனைக் கணிப்பைக் கவனிக்க.

1000 பேரில் 10 பேர் நோயாளர் என்க. ஒரு சோதனை நோயாளரில் 90 வீதத்தினரையும் நலமானோரில் 90 வீதத்தினரையும் சரியாக இனங்காண்கிறது எனின்,

சரியாக இனங்காணப்படும் நோயாளர் = 9
தவறாக நோயாளர் எனப்படும் நலமானோர் = 990 இன் 10 வீதம் = 99

அதாவது நோயாளர் எனச் சுட்டப்படும் 108 பேரில் உண்மையான நோயாளர் 9 பேர் மட்டுமே; பன்னிரண்டு பேருக்கு ஒருவர். ஏனைய பதினொருவர் காரணமின்றி அச்சத்தையும் சமூகத்தின் ஒதுக்கலையும் சுமக்க நேரிடும்.

மேலும் களைப்பு, மதுபானம், தூக்கமருந்து, இலிதியம் ஆகியனவும் பின்தொடர் அசைவைக் குழப்பும். எனவே இச்சோதனை வைத்தியரின் நிர்ணயத்திற்கு மாற்றீடாகாது. ஆயினும் நோயின் மூளைப் பொறிமுறையையும் பரம்பரைத் தொடர்பையும் ஆராய இது பெரிதும் உதவுகின்றது. உளமாய நோய் ஒருவரின் ஒழுக்கக் குறைவாலோ தீய ஆவியாலோ வருவதன்று என்பதற்கும் இது ஒரு சான்றாகும்.

நினைவிற் கொள்க: குறிகாட்டி வேறு, நோய் வேறு. குறிகாட்டி உள்ள எல்லோரும் நோயாளர் அல்லர்.

பயிற்சி வினாக்கள்

1. ஒப்பமான பின்தொடர் அசைவிற்கும் தாவல் அசைவிற்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. நோயாளி ஒருவரின் நலமான சகோதரியிடம் பின்தொடர் அசைவுக் குறைபாடு காணப்பட்டது. "இவருக்கும் நோய் வரும்" என்னும் கூற்றை மதிப்பிடுக.
3. மேற்படி கணிப்பை, 1000 பேரில் 500 பேர் நோயாளராகவுள்ள சிகிச்சை நிலையமொன்றுக்குச் செய்து, இரு விடைகளும் வேறுபடுவதற்கான காரணத்தை விளக்குக.