தொண்டையில் நிற்கும் சோறு

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எல்லாரோடும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டவர், இப்பொழுது கடைசி ஆளாக எழுந்திருக்கிறாரா? ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறாரா? இறைச்சியை ஒதுக்கிவிட்டு, "எனக்குக் கஞ்சியே போதும்" என்கிறாரா? மாத்திரையை விழுங்கத் திணறுகிறாரா?

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் சொல்லி விடுகிறோம். அவரோ வாயைத் திறப்பதில்லை. டாக்டரிடம் போனால் புற்றுநோய் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கிறது. இப்படியே மாதங்கள் ஓடுகின்றன. உடம்பு இளைத்துப் போகிறது.

விழுங்க முடியாமை முதுமையின் இயல்பு அன்று. அதற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். புற்றுநோய் அக்காரணங்களுள் ஒன்று. ஆனால் அது ஒன்று மட்டுமே அன்று. கழுத்து எலும்பு வளர்ந்து உணவுப் பாதையை நெருக்குவதும் உண்டு. இதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்ய வழியிருக்கிறது.

கழுத்துக்குள் நடப்பது என்ன?

நம் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியுள்ளன. அவற்றின் முன்புறத்தை ஒட்டியே தொண்டையும் உணவுக்குழாயும் இறங்குகின்றன. அதற்கும் முன்னால் குரல்வளை இருக்கிறது. கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி இறங்குவது தெரியும். அப்பொழுது மூச்சுவழி மூடிக்கொள்ள, உணவு பின்வழியாகச் செல்கிறது.

வயதாக ஆக, சிலருக்கு இந்த முள்ளெலும்புகளின் முன்புறத்தில் எலும்பு முளைகள் வளர்கின்றன. பால் மரத்தின் வெட்டுக்கோட்டிலிருந்து வழிந்த பால் பட்டையிலேயே காய்ந்து கிடக்குமே, அதுபோல எலும்பு வழிந்து உறைந்த தோற்றம் எக்ஸ்ரேயில் தெரியும். முளை பெரிதானால் உணவுக்குழாயைப் பின்னாலிருந்து நெருக்கும். குரல்வளை எழும்பவும் தடையாகும்.

ஃபாரஸ்டியர் என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய தோழரும் 1950ஆம் ஆண்டில் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். ஆகவே இதற்கு ஃபாரஸ்டியர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. நோயோ மிகப் பழையது. இங்கிலாந்தில் மெர்ட்டன் என்னும் ஊரிலிருந்த பழைய துறவி மடத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளிலும் இவ்வளர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, இது அதிகம் வருகிறது. இனிப்பு நீரும் உடற்பருமனும் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் எலும்பு முளை உள்ள பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் சோதனை

எக்ஸ்ரேயில் எலும்பு முளை தெரிந்துவிட்டது என்பதற்காக அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெற்றிலை பாக்குடன் புகையிலை போடுகிறவர்கள், புகைபிடிக்கிறவர்கள், சம்சு போன்ற மதுவுக்குப் பழகியவர்கள் ஆகியோருக்குத் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். முதலில் அது இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை விழுங்கச் சொல்லி, அது எங்கே தடைப்படுகிறது என்று படம் பிடிப்பார்கள். சி.டி. ஸ்கேனும் எடுப்பதுண்டு. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் முன், கழுத்து எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முளை இருக்கும் இடத்தில் குழாயை மிகக் கவனமாகச் செலுத்த வேண்டும்.

கத்தி எப்பொழுது?

எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. உணவைக் குழைத்து, சிறு கவளமாக, நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவதே பலருக்குப் போதும். முகவாயைத் தாழ்த்தி விழுங்குவது போன்ற பயிற்சிகளை ஆஸ்பத்திரியில் கற்றுத் தருவார்கள். வீக்கம் தணிய மருந்தும் கொடுப்பார்கள்.

இவை பலிக்காமல் எடை குறைந்துகொண்டே போனாலும், உணவு மூச்சுக்குழாயில் இறங்கி அடிக்கடி நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்தாலும், மூச்சுத் திணறினாலும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.

நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்தின் முன்பக்கத்தில் ஓரமாகக் கீறுவார்கள். பெரிய இரத்தக் குழாய்களை ஒருபுறமும், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மறுபுறமும் மெல்ல ஒதுக்கினால் எலும்பு கண்ணுக்குத் தெரியும். வேகமாகச் சுழலும் சிறு கருவியால் முளையைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளைத் தொடாமல் விடுவதால், இரும்புத் தகடோ திருகாணியோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பெரும்பாலோர்க்கு விழுங்கும் சிரமம் நன்றாகக் குறைகிறது. ஆனால் மறுநாளே பிரியாணி சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம்! முதல் சில நாட்கள் தொண்டை வீங்கிச் சிரமம் கூடுதலாகவும் இருக்கலாம். முழு நலம் திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. குரல் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் கம்மலாம். உள்ளே இரத்தம் கட்டி மூச்சை அடைக்கலாம். அரிதாக உணவுக்குழாயில் கிழிசல் ஏற்படலாம். வீடு திரும்பிய பிறகு கழுத்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல ஆண்டுகள் கழித்து எலும்பு மீண்டும் வளர்வதும் உண்டு. ஆகவே டாக்டர் குறித்துக் கொடுக்கும் தவணை நாட்களைத் தவறவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

பெரியவரைக் கிளினிக்குக்குத் தனியே அனுப்பாதீர்கள். கூடவே போங்கள். தொல்லை எத்தனை மாதமாக இருக்கிறது, எந்த உணவு நிற்கிறது, எத்தனை கிலோ இளைத்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "எலும்புதான் காரணம் என்பது உறுதிதானா? கத்தி வைக்காமல் முயன்று பார்க்கலாமா? இவருடைய வயதுக்கும் இனிப்பு நீருக்கும் ஆபத்து எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள். தண்ணீரோ எச்சிலோகூட இறங்கவில்லை என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே கொண்டு செல்லுங்கள்.

இன்றிரவு சாப்பிடும்பொழுது அவர் பக்கத்தில் உட்காருங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பாருங்கள். "தாத்தா, தொண்டையில் ஏதாவது தடுக்குதா?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருக்கக்கூடும்.